நத்தைத் தண்ணியும் ஓமமும்

மியூசியத்தில் காவல் நிற்கிற வேலை என்பது, ஒருவரும் களவெடுக்க விரும்பாத சாமானுக்கு நாள் முழுக்க முகம் கொடுத்துக்கொண்டு நிற்கிறது. இடுப்பும் நாரியும் நோக நின்று உழைக்கிற ஆக்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. எனக்குத் தந்தது, முன்னால் கயிறு கட்டி மறித்த ஒரு குசினி, அடுப்பும் சட்டியுமாய். பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கிலாந்துக் கிராமத்து வீட்டுக்காரி எப்படி நோய் வருத்தம் மாற்றினாள் என்று காட்டுகிற குசினி. நான் பெரிதாய்ப் படிக்கவில்லை. ஆனால் விளக்கம் சொல்லுகிற மீரா, தமிழ் ஆக்களுக்குத் தமிழிலும் சொல்லுவாள். கேட்டுக் கேட்டு எனக்கு எல்லாம் பாடம்.

நத்தைத் தண்ணி

இருமலுக்கு நத்தையை இடித்துக் காய்ச்சிக் குடித்தார்களாம். எங்கட ஆக்கள் கன பேர் இருக்கிற மோர்னிங்சைட்டில் இருந்து மருமகளோடு வந்த ஒரு அம்மா, மூக்கைப் பொத்திக்கொண்டு, இப்படியும் சனம் இருந்ததோ என்று மீராவைக் கேட்டா. மருமகள் சட்டியைப் பார்த்தபடி மெல்லச் சொன்னா: "மாமி, போன கிழமை பிள்ளைக்கு நீங்கள் பருக்கினது என்னெண்டு எனக்கு இன்னும் சொல்லேல்லை."

வாத்துக் கொழுப்பு

சளித் தடிமனுக்கு நெஞ்சில் வாத்துக் கொழுப்புப் பூசுவார்களாம். ஒஷாவாவில் இருந்து வந்த வெள்ளைக்காரக் கிழவர் ஒருவர் அந்தக் கொழுப்பு வைத்த மண் முட்டிக்கு முன்னால் கனநேரம் நின்றார். தன்னுடைய தாயும் பூசினவவாம். சுகம் வந்ததோ என்று மீரா கேட்டாள். அவர் சொன்னதைப் பிறகு எனக்குத் தமிழில் சொன்னாள்: "அந்த மணத்துக்கு வகுப்பில ஒருத்தரும் எனக்குப் பக்கத்தில இருக்கேல்லை. பிறகு எங்கயிருந்து தடிமன் தொத்திறது?"

அண்ணையின் வாய்வு

எங்கட கட்டடத்தைத் துப்புரவாக்குகிற தேவன் அண்ணைக்கு இந்தக் குசினியைக் கண்டாலே சிரிப்பு. மொப்போடு வந்து நத்தைச் சட்டியைப் பார்த்துச் சிரித்துவிட்டுத்தான் போவார். ஒரு கிழமை பார்த்தால் அந்தச் சிரிப்புக் குறைந்துவிட்டது. நெஞ்சு இறுக்குதாம், இடக்கை பாரமாம். வாய்வு என்று தானே முடிவுகட்டி, சுட்ட உள்ளிப்பூண்டும் பொக்கற்றில் ஓமமுமாய்த் திரிந்தார். டொக்டரிடம் காட்டச் சொன்னேன். எமர்ஜென்சியில் போய் விடிய விடியக் குந்தியிருக்க ஏலாது என்றார்.

அடுத்த நாள், பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு மீரா விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க, அண்ணை கயிற்றைத் தாண்டிப்போய் வீட்டுக்காரியின் கதிரையில் குந்திவிட்டார். அதில் ஒருவரும் இருக்கக் கூடாது. எழுப்புகிறதுதான் என் வேலை. கிட்டப் போனால் சேர்ட் முழுக்க வேர்வை, கை ஓமப் பையைத் தடவுது. நான் அம்புலன்சுக்குப் போன் அடிக்க, வேண்டாம், கொஞ்சம் சப்பினால் சரி என்று மறித்தார். மீரா வந்து பையைப் பறித்தாள். "அங்கிள், அந்தக் குசினி ஆக்களுக்கு டொக்டர் ஒரு நாள் குதிரைப் பயணம். உங்களுக்கு பஸ்ஸில ரெண்டு ஸ்டொப்."

கட்டிலில்

இருதயத்துக்குப் போகிற குழாயில் அடைப்பாம். இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் ஆள் இல்லை என்று டொக்டர் அண்ணையின் மனுசியிடம் சொன்னாராம். நான் ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போனபோது மனுசி அழுது முடித்துத் தேத்தண்ணி வாங்கப் போயிருந்தா. அண்ணை என்னைக் கிட்டக் கூப்பிட்டு, நேர்ஸ் இல்லையோ என்று பார்த்துவிட்டுச் சொன்னார்: "அடைப்பெண்டது சரிதான் தங்கச்சி. ஆனால் வாய்வுதான் போய் அடைச்சிருக்கும்."

கயிற்றுக்கு அங்கால பழைய சனம், இங்கால புதுச் சனம் என்றுதான் என்னைக் காவலுக்கு நிறுத்தியிருக்கினம். கயிறு சரியான இடத்தில்தான் கட்டியிருக்கோ என்று கேட்க இன்னும் ஒருவரும் வரவில்லை.