டேங்குக்கும் என்ஜினுக்கும் நடுவே

டேங்கிலிருந்து என்ஜினுக்குப் பெட்ரோல் அனுப்பும் பம்பைக் காரில் பொருத்துகிறவன் வேலையை ஒழுங்காகச் செய்திருந்தால் அவனை யாரும் நினைப்பதில்லை. சரியில்லை என்றால்தான் நெடுஞ்சாலை ஓரத்தில் நின்றுகொண்டு போன் போடுவார்கள். கிள்ளான் நகரில் ஒரு சின்ன வொர்க்‌ஷாப்பில் நானும் முனியாண்டியும் இந்த வேலையைத்தான் பார்க்கிறோம். பம்பும் வயரிங்கும் என் பாடு. டேங்க் வெட்டுவதும் வெல்டிங் அடிப்பதும் அவர் பாடு. பழைய காருக்கு வேகம் கூட்ட டர்போ வைத்து, பெரிய சக்கரம் மாட்டி, எல்லாம் முடிந்த பிறகு 'இதுக்குப் பெட்ரோல் போதுமா' என்று யோசிக்கிற கூட்டத்தில் நீங்களும் ஒருவர் என்றால் உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அழுத்தி ஓட்டும்போது பெட்ரோல் குறைந்தால் என்ஜினுக்குள் சூடு ஏறி பிஸ்டன் உருகிவிடும். உருகிய பிஸ்டன்கள் நிறைய பார்த்திருக்கிறேன். ஆனால் மனசில் நிற்பவர்கள் வேறு மாதிரி ஆட்கள்.

மழை வந்தால் மட்டும்

கோவிந்தராஜ் அண்ணன் கோயில்களில் நாதஸ்வரம் வாசிக்கிறவர். அவருடைய பழைய டர்போ கார் வெயிலில் பறக்கும், மழையில் இழுக்காது. வேறு கடைகளில் பிளக், காயில் எல்லாம் மாற்றிப் பார்த்துவிட்டார்கள். என்னிடம் வந்தபோது அவர் காரின் முன்பக்கத்தைத் திறக்கவே விடவில்லை. "பின்னால வந்து உட்காருங்க தம்பி" என்றார். சீட்டுக்கு அடியில் பம்ப் சன்னமாக இரைந்துகொண்டிருந்தது. "இப்ப ஹெட்லைட் போடுறேன், வைப்பர் போடுறேன். கேளுங்க, சுருதி இறங்குது."

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் மீட்டரை வைத்துப் பார்த்தால் அவர் சொன்னதுதான். விளக்கும் வைப்பரும் போட்டதும் பம்புக்கு வரும் மின்சாரம் விழுந்தது. பெரிய பம்பை மாட்டியவர்கள் பழைய மெல்லிய வயரையே விட்டுவிட்டிருந்தார்கள். பேட்டரியிலிருந்து நேராகத் தடிமனான வயர் இழுத்து, தனி ரிலேயும் பியூசும் வைத்தேன். அவர் மறுபடி பின் சீட்டில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். விளக்கு, வைப்பர், ஏர்கோன் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் போடச் சொன்னார். பிறகு கண்ணைத் திறந்து சொன்னார்: "இப்ப சுருதி நிக்குது தம்பி. இவ்வளவு நாளும் இது பாடலே, அழுதுச்சு."

பெட்டி மட்டும் ஒரிஜினல்

காஜாங்கிலிருந்து வந்த விக்னேஷ் லோரி ஓட்டுகிறார். தன் காருக்காக இணையத்தில் ஒரு பம்ப் வாங்கிக்கொண்டு வந்தார். பெட்டி, ஸ்டிக்கர், எழுத்து எல்லாம் அச்சு அசல். நான் எந்தப் பம்பையும் சோதிக்காமல் மாட்டுவதில்லை. சும்மா ஓடவிட்டால் எல்லாப் பம்பும் குழாய்த் தண்ணீர் மாதிரிதான் ஊற்றும். டர்போ கேட்கிற அழுத்தத்தை ஏற்றிப் பார்த்தால்தான் குட்டு வெளிப்படும். ஏற்றினேன். ஊற்று நூலாகி, சொட்டாகி நின்றது. போலி.

விற்றவன் திருப்பி வாங்கமாட்டேன் என்றுவிட்டான். அதற்குள் விக்னேஷின் கார் நண்பர்கள் குழுவில் ஒருவர், 'வேணாம்னா எனக்குத் தா' என்று கேட்டிருந்தார். விக்னேஷ் போனைப் பார்த்தார், பம்பைப் பார்த்தார். முனியாண்டியிடம் சுத்தியலை வாங்கி வெளியே போய், அதை யாருக்கும் உதவாதபடி நசுக்கிவிட்டு வந்தார். நல்ல பம்ப் வாங்க முடிகிறவரைக்கும் மோட்டார் சைக்கிளில்தான் வேலைக்குப் போனார். கேட்கிற ஆளுக்கே கொடுத்திருக்கலாமே என்று நான் ஒரு பேச்சுக்குச் சொன்னேன். "அவன் கார்ல யார் யார் உட்காருவாங்கன்னு எனக்குத் தெரியாது இல்லண்ணே" என்றார்.

முனியாண்டியின் மூக்கு

வளைவில் பெட்ரோல் ஒரு பக்கமாகச் சாய்ந்து ஓடாமல் இருக்க டேங்குக்குள் தடுப்புத் தகடு வைப்போம். அதை வைக்கச் சொல்லி அம்பாங்கிலிருந்து ஒருவர் தன் டேங்கைக் கழற்றிக்கொண்டு வந்தார். அன்றைக்கே வேண்டும், மறுநாள் ரேஸ் மைதானத்துக்குப் போகணும் என்றார். முனியாண்டி டேங்கின் வாயில் மூக்கை வைத்து மோந்து பார்த்துவிட்டு, கழுவிக் காய வைக்கணும், இன்றைக்கு முடியாது என்றார்.

"உள்ள ஒரு சொட்டு பெட்ரோல் இல்ல, காலியாத்தான் இருக்கு லா."

"காலி டேங்க்தான் பாஸ் வெடிக்கும். உள்ள ஆவி நிக்குது. நான் சாயங்காலம் வீட்டுக்குப் போகணும்."

அந்த ஆள் குரலை உயர்த்தினார். ரவாங்கில் ஒரு கடையில் அப்படியே அடித்துக் கொடுப்பார்கள் என்றார். முனியாண்டி டேங்கைத் தூக்கிப்போய் அவருடைய காரிலேயே பத்திரமாக வைத்து, உருளாமல் இருக்கப் பக்கத்தில் ஒரு சாக்கையும் சொருகிவிட்டு வந்தார். மறுநாள் காலையில் நாங்கள் கடையைத் திறக்கும்போது அந்த ஆள் வாசலில் நின்றார், அதே டேங்கோடு. முனியாண்டியைப் பார்த்து மெதுவாகச் சொன்னார்: "அங்க மோந்துகூடப் பார்க்கலே அண்ணே. நேரா வெல்டிங் மிஷினைப் போட்டுட்டாங்க. நான் டேங்கைப் பிடுங்கிட்டு வந்துட்டேன்."

பின் சீட்

பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து வந்த பிரபுவுக்கு ரேஸ் கார்களில் இருக்கிற மாதிரி பின்னால் சாமான் வைக்கிற பூட்டுக்குள் பளபளவென்று அலுமினிய டேங்க் வைக்க ஆசை. அப்படி வைத்தால் டேங்குக்கும் ஆள் உட்காரும் இடத்துக்கும் நடுவே இரும்புச் சுவர் வேண்டும், ஆவி வெளியே போக வழி வேண்டும், தினமும் ஓட்டுகிற காருக்குப் பழைய டேங்க்தான் நல்லது, அது அடியில் பாதுகாப்பாக இருக்கிறது என்று சொன்னேன். அவர் கேட்கிற நிலையில் இல்லை.

கூட வந்திருந்த மனைவி கவிதா நிறைமாதம். நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே புதிதாக வாங்கிய குழந்தை சீட்டை எடுத்துப் பின் சீட்டில் வைத்துப் பார்த்தார். பிறகு சீட்டின் முதுகைச் சாய்த்து, பின்னால் இருந்த மெல்லிய அட்டையை விரலால் தட்டினார். "இதுக்கு அந்தப் பக்கம் பெட்ரோல், இந்தப் பக்கம் புள்ளயா?" என்று கேட்டார், சண்டைக்கு இல்லை, தெரிந்துகொள்ளத்தான். பிரபு போனில் எனக்குக் காட்டிக்கொண்டிருந்த டேங்க் படத்தை அழித்துவிட்டு, பழைய டேங்குக்குள்ளேயே நல்ல பம்பாக வைக்கச் சொன்னார். சுற்றியிருக்கும் பெட்ரோலே பம்பைக் குளிர வைக்கும் என்பதால் எனக்கும் அதுதான் திருப்தி. கிளம்பும்போது பிரபு காரை எடுக்கப் போனதும், கவிதா என்னிடம் தனியாகச் சொன்னார்: "பம்ப்ல மட்டும் குறை வைக்காதீங்க அண்ணே. அவருக்கும் ஆசை இருக்கும்ல."

முள் விழுந்த வளைவு

பரமேஸ் அக்கா ஆஸ்பத்திரியில் தீவிர சிகிச்சைப் பிரிவில் நர்ஸ். லீவு நாளில் ரேஸ் மைதானத்தில் கார் ஓட்டுவார். பெட்ரோல் அழுத்தத்தைக் காட்டும் மீட்டர் ஒன்றை ஸ்டியரிங்குக்கு நேர் எதிரே வைக்கச் சொல்லி என்னிடம் அடம்பிடித்து வாங்கியவர். ஒரு போட்டிக்கு நானும் போயிருந்தேன். கடைசிச் சுற்று. அவர்தான் முன்னால். நீளமான வலது வளைவில் ஏறிய கார் திடீரென்று தளர்ந்தது. பின்னால் வந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராகத் தாண்டிப் போனார்கள். என்ஜின் போய்விட்டது என்று நினைத்து, கார்கள் வந்து நிற்கும் இடத்துக்கு ஓடினேன்.

கார் மெதுவாக உருண்டு அங்கே வந்தது. என்ஜின் அமைதியாக ஓடிக்கொண்டிருந்தது. டேங்கில் மிச்சமிருந்த பெட்ரோல் வளைவில் ஒரு பக்கமாக ஒதுங்க, பம்ப் காற்றை உறிஞ்சியிருக்கிறது. மீட்டரின் முள் விழுந்த அந்தக் கணமே அவர் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டார். பிளக்கைக் கழற்றி உள்ளே கேமரா விட்டுப் பார்த்தேன். பிஸ்டன்களில் ஒரு கீறல் இல்லை. கூட வந்தவர்கள், ஒரு வளைவுதானே, பிடித்து ஓட்டியிருந்தால் கப் கிடைத்திருக்குமே என்று வருத்தப்பட்டார்கள். "வார்டுல பிரஷர் விழுந்தா யோசிச்சுட்டு நிக்க மாட்டோம். கை தானா போயிடும். இங்க கால் போச்சு" என்றார் அக்கா.

பெரிய டேங்கில் பெட்ரோல் எந்தப் பக்கம் ஒதுங்கினாலும் எப்போதும் நிறைந்தே இருக்கிற மாதிரி ஒரு சின்னத் துணை டேங்கை முனியாண்டி செய்து கொடுத்தார். அதிலிருந்து என்ஜினுக்குத் தனிப் பம்ப் வைத்தேன். அடுத்த போட்டியில் அதே வளைவில் அவர் காலை எடுக்கவேயில்லை. இரண்டாவதாக வந்து, ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே சிரித்தார்: "முள் அசையவே இல்ல தம்பி. நான் அதையே பார்த்துட்டு ஓட்டினேன், அதான் ரெண்டாவது."

நல்ல பம்பைத் தேடி வருகிறவர்கள் பெரும்பாலும் நல்ல மனிதர்களாகவே இருக்கிறார்கள், ஆனால் அவர்களில் ஒருவர்கூட டேங்கில் போதுமான பெட்ரோலோடு எங்கள் கடைக்கு வந்து நான் பார்த்ததில்லை.