அம்மன் படத்துக்குப் பின்னால் மாத்திரையின் பெயர்

என் கணவருக்கு இதயத்தில் செயற்கை வால்வு இருப்பதால், ரத்தம் உறையாமலிருக்க தினமும் மாத்திரை சாப்பிடுகிறார். ஒரகடம் கம்பெனியில் படி வழுக்கி விழுந்து அவருக்குத் தலையில் அடி. பென்னலூரிலிருந்து நான் ஆஸ்பத்திரிக்கு ஓடியபோது சூப்பர்வைசர், "அண்ணன் மாத்திரை எதுவும் சாப்பிடறதில்ல சார்" என்று டாக்டரிடம் கூசாமல் சொல்லிக்கொண்டிருந்தார். எல்லாம் தெரிந்தே, கம்பெனிக்கு மறைத்து வேலைக்கு வைத்தவர் அவர்!

"அடப்பாவி, வால்வு வெச்ச மனுசன்யா!" என்று கத்தினேன்.

"மெதுவா பேசுக்கா. மேல தெரிஞ்சா என் வேல பூடும்."

அவர் சட்டையெல்லாம் என் கணவரின் ரத்தம். நான் டாக்டரிடம் திரும்பி மாத்திரையின் பெயரைச் சொன்னேன்.

ஸ்கேனில் மூளையில் கசிவு தெரிந்ததும், மாத்திரையின் வேகத்தை முறிக்கும் ஊசியை டாக்டர் உடனே போட்டார். அம்மன் காப்பாற்றினாள்.

இப்போது என் கணவரின் சட்டைப்பையிலுள்ள அம்மன் படத்தின் பின்னால் மாத்திரையின் பெயரை எழுதி ஒட்டியிருக்கிறேன். அம்மன் யாருக்காகவும் பொய் சொல்ல மாட்டாள்.