சுவிட்ச் இல்லாத விளக்கு

மலேசியாவின் லூனாஸில் மின்விசிறி சுற்றவில்லை, துணி துவைக்கும் மிஷின் ஷாக் அடிக்கிறது என்றால் எர்னஸ்டைத்தான் கூப்பிடுவார்கள். குலிம் தொழிற்சாலையில் ஆட்குறைப்பு நடந்த பிறகு அதுதான் அவருக்குப் பிழைப்பு. முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்ல வராத மனிதர். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்த கையோடு தஞ்சோங் டாவாய் படகுத்துறைக்குப் போய்விடுவார். தூண்டில் ஆசைக்காகப் படகு வைத்திருப்பவர்களின் ரேடியோவும் ஒயர்களும் அங்கே அவர் பொறுப்பு. உப்புக்காற்று செம்பைப் பச்சை பூக்க வைத்து அரித்துவிடும். சுரண்டித் துடைத்து, கிரீஸ் தடவி மூடுவார். மறுமாதம் மறுபடி பூத்திருக்கும்.

லாரிக்காரர் காளிதாசன் படகு வாங்கியதும், உள்ளே முருகன் படத்தைச் சுற்றிச் சிவப்பும் பச்சையுமாய் மின்னும் விளக்கு போடச் சொன்னார்.

“மெயின் சுவிட்ச அடைச்சாலும் இது எரியணும் தம்பி. லாரி தரையில நிக்குது. படகு ராத்திரி பகலா தண்ணியிலலா நிக்குது. சாமிய இருட்டுல விடலாமா?”

அப்படியென்றால் சுவிட்சைத் தாண்டி நேராகப் பேட்டரியில் கொடுக்க வேண்டும். ரேடியோவுக்கும் அதே பேட்டரிதான். கூடாது என்பது எர்னஸ்டுக்குத் தெரியும். ஆனால் தான் கூடாது என்றால், வேதக்காரனுக்கு எங்கள் சாமி மேல் என்ன கோபம் என்று நினைத்துவிடுவாரோ? அந்தக் கூச்சத்தில், பேசாமல் ஒயரை இழுத்து முடுக்கிவிட்டார்.

மழைக்காலம் முழுக்கப் படகு துறையிலேயே கிடந்தது. விளக்கு மின்னிக்கொண்டே இருந்தது.

பள்ளி விடுமுறையில் காளிதாசன் மகளோடு கடலுக்குக் கிளம்பினார். மகளின் தோழி என்று எர்னஸ்டின் பெண் ஜெசிகாவும் தொற்றிக்கொண்டாள். எஞ்சினுக்குத் தனிப் பேட்டரி. தட்டியதும் உறுமியது. எர்னஸ்ட் வழக்கம்போல ரேடியோவைக் குறைந்த சக்தியில் வைத்து, பத்தடி தள்ளியிருந்த துறைக் கொட்டகையோடு பேசிப் பார்த்தார். துறையில் எல்லோரும் அப்படித்தான் சோதிப்பார்கள். தெளிவாகக் கேட்டது. கடலுக்கு ஆகட்டுமென்று சக்தியைக் கூட்டிவைத்துவிட்டு இறங்கினார்.

பிற்பகலில் வானம் கறுத்தது. கொட்டகை ரேடியோவில் காளிதாசனின் குரல் வந்தது.

“எர்னஸ்ட்டு, அடியில கிப்பாஸ் விசிறியில பழைய வலை சுத்திக்கிச்சு, எஞ்சின் நின்...”

டக்கென்று அறுந்தது.

“அண்ணே, எங்க இருக்கீங்க? எடத்தச் சொல்லுங்க.”

பதிலுக்கு ஒரு சொடுக்கு. மறுபடியும் ஒரு சொடுக்கு. எர்னஸ்டுக்கு விளங்கிவிட்டது. கேட்பதற்கு ரேடியோவுக்குக் கொஞ்சம் மின்சாரம் போதும். பேசத்தான் நிறைய வேண்டும். பேசும் பொத்தானை அமுக்கும்போதெல்லாம் அங்கே ரேடியோ செத்துப் பிழைக்கிறது. விளக்கு குடித்தது போக மிச்சத்தையும் அந்த அமுக்கல்கள் தின்றுகொண்டிருக்கும்.

“சத்தத்தக் கொறச்சு... இல்ல, பவரக் கொறச்சுப் பேசுங்கண்ணே. ஜெசி, நீ கேளும்மா. ரேடியோ செவப்பு ஒயர எஞ்சின் பேட்டரிக்கு...”

அங்கேயே நிறுத்தினார். ஒயரைப் பிடித்திருக்கும் நட்டைக் கையால் திருக முடியாது. இறுக்கியது அவர்தான். ஸ்பேனர் அவர் பையில் இருந்தது.

கைப்பேசிக்குக் கடலில் லைன் கிடையாது. துறைக்காரர் மீன்பிடிப் படகுகளுக்குச் சொல்லிவிட்டு, தேடப்போன படகில் ஏற முயன்ற எர்னஸ்டைப் பிடித்து உட்கார வைத்தார். கடல் தெரியாத ஆள் பாரம்தான். மழை இறங்கியது. சொல்ல வேறெதுவும் இல்லாமல் எர்னஸ்ட் ரேடியோவில் ஜெபம் சொன்னார். மரியாயே வாழ்க. நிறுத்திக் கேட்பார். இப்போது சொடுக்குகூட இல்லை. மறுபடி சொல்வார்.

பொழுது சாயும் நேரத்தில் ஒரு மீன்காரர் அவர்களைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார். ஜெசிகா தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு இறங்கினாள். உதடு வெளுத்திருந்தது.

“நீங்க பேசுனது எல்லாம் கேட்டுச்சுப்பா. எங்களாலதான் பேச முடியல.”

எர்னஸ்ட் அவள் தலையைத் தொட்டார்.

காளிதாசன் நனைந்த சட்டையோடு வந்து அவர் தோளைப் பிடித்தார்.

“ரேடியோ காலை வாரிருச்சு தம்பி. ஆனா பாரு, சாமி வெளக்கு அணையவே இல்ல. அந்த மழையில அது மினுக்குறதப் பாத்துத்தான் மீன்காரன் வந்தானாம். நீ போட்ட வெளக்குலா.”

“அண்ணே, அந்த வெளக்குக்கு ஒரு சுவிட்ச்...”

“சாமிக்குப் போயி சுவிட்சா?” காளிதாசன் சிரித்தார். கண் கலங்கியிருந்தது. “வேதக்காரன் புத்தி போகுதா பாரு. என் மச்சானும் படகு வாங்கியிருக்கான். இதே மாரி ஒண்ணு போட்டுக் குடு. எப்ப வர்ற?”

அவருக்குப் பின்னால், படகின் உள்ளே சிவப்பும் பச்சையும் மாறி மாறி மங்கலாக எரிந்துகொண்டிருந்தன. எர்னஸ்ட் வாயைத் திறந்தார். ஜெசிகா அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஞாயித்துக்கெழம வரேண்ணே,” என்றார்.