சானடோரியத்தில் ஒரு நுரையீரல்

எனக்கு அவளிடமிருந்து ஒரே ஒரு படம் வேண்டும். எதுவானாலும் போதும், பேனா மூடியை வரைந்து அனுப்பினாலும் போதும். ஆறு வருடமாக இதைக் கேட்க வாய் வரவில்லை.

நர்சிங் முதல் வருடம் என் வகுப்புத் தோழி அவள். மின்சார ரயிலில் பெருங்களத்தூரில் ஏறி, லேடீஸ் பெட்டியில் பையை விரித்து எனக்கு இடம் பிடித்து வைப்பாள். நான் தாம்பரத்தில் ஏறுவேன். அனாட்டமி என்றாலே எனக்குக் குலை நடுங்கும். டெஸ்டுக்கு டெஸ்ட் ஃபெயில் ஆகிக்கொண்டிருந்தேன். பக்கம் பக்கமாக மனப்பாடம் செய்வேன், கேள்வித்தாளைப் பார்த்ததும் எல்லாம் கழுவிவிட்டது போலப் போய்விடும்.

"நீ எழுதிக்கினே இருந்தா எப்டி மண்டையில ஏறும்? இங்க பாரு" என்று என் நோட்டைப் பிடுங்கினாள்.

தாம்பரம் ஸ்டேஷனை வரைந்தாள். அதுதான் இதயம். நாலு பிளாட்பாரம், நாலு அறை. வண்டலூர்ப் பக்கமிருந்து களைத்துப்போய் வந்து இறங்கும் நீலமுகக்காரர்கள் கெட்ட ரத்தம். அவர்களை ஒரு வண்டியில் ஏற்றி, காற்று வாங்க அடுத்த ஸ்டேஷனான சானடோரியத்துக்கு அனுப்பினாள். அங்கேதான் நெஞ்சு ஆஸ்பத்திரி இருக்கிறது, அதனால் நுரையீரலும் அங்கேதான் என்றாள். சிவந்த முகத்தோடு திரும்பி வருகிறவர்களை ஊரெங்கும் அனுப்பிவைத்தாள். வால்வு எல்லாம் ரயில்வே கேட், ஒரு பக்கம் மட்டும் திறக்கும். அடிப்பாவி, பல்லாவரம் வருவதற்குள் எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

வைவா, அதாவது வாய்மொழித் தேர்வு அன்று எனக்கு அடுத்த நம்பர் அவளுடையது. நான் உள்ளே போனேன். வெளியூரிலிருந்து வந்திருந்த எக்ஸாமினர் கேட்டார்.

"வலது கீழறையிலிருந்து ரத்தம் எங்கம்மா போகும்?"

"சானடோரியம், சார்."

வாயிலிருந்து விழுந்துவிட்டது. பக்கத்திலிருந்த எங்கள் காலேஜ் மேடம் "சானடோரியமா!" என்று சிரித்த சிரிப்பு கதவைத் தாண்டி வராந்தா வரை போயிற்று. எக்ஸாமினர் மட்டும் சிரிக்கவில்லை. "அது எப்படிம்மா? போர்டுல வரைஞ்சு காட்டு" என்றார். வரைந்தேன். பிளாட்பாரம், கேட், நீலம், சிவப்பு, ஒன்றையும் விடவில்லை. "நல்லா புரிஞ்சு வச்சிருக்க, போ" என்றார். பாஸ் என்று அங்கேயே தெரிந்துவிட்டது.

ஆனால் வெளியே வராந்தா முழுக்க "ஏய் சானடோரியம்!" மதியம் கேண்டீனிலும் அதே பெயர். எனக்கு மூக்குக்கு மேல் கோபம். திரும்பும் ரயிலில் அவள் ஆசையாக, "இன்னாடி கேட்டாரு?" என்றாள்.

"உன் கிறுக்கலால என் மானமே போச்சு. இனிமே எனக்கு எதுவும் வரையாத!"

போர்டில் வரைந்ததை மட்டும் சொல்லவில்லை. சொன்னால் கோபத்துக்கு என்ன மரியாதை?

"சரிடி" என்றாள். சிவப்புப் பேனாவை மூடிப் பைக்குள் போட்டாள். அதற்குப் பிறகும் இடம் பிடித்து வைத்தாள், சாப்பாட்டில் பங்கு கொடுத்தாள், படிப்பு முடிகிறவரை கூடவே வந்தாள். படம் மட்டும் வரையவில்லை. இப்போது வளைகுடா நாடொன்றில் நர்ஸாக இருக்கிறாள். பண்டிகைக்கு வாழ்த்து வரும், அதுவும் எழுத்தில்.

நான் இப்போது முதல் வருடப் பிள்ளைகளுக்கு அனாட்டமி எடுக்கிறேன். போன வாரம் போர்டில் தாம்பரம் ஸ்டேஷனை வரைந்தேன். வகுப்பு முடிந்ததும் வேண்டுமென்றே ஒரு கேட்டைத் திருப்பிப் போட்டுப் போட்டோ எடுத்து அவளுக்கு அனுப்பினேன். தப்பைப் பார்த்தால் அவள் கை சும்மா இருக்காது. அன்று முழுக்க போனும் கையுமாகத் திரிந்தேன்.

சாயங்கால ரயிலில் பதில் வந்தது. "ரெண்டாவது கேட் திரும்பி கீதுடி. பாத்துக்கோ."

அவ்வளவுதான். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. யார் பார்த்தால் என்ன என்று, நின்றுகொண்டே டைப் செய்தேன். "அன்னைக்கு அந்த சார் என்னை போர்டுல வரையச் சொன்னாருடி. உன் படத்தாலதான் நான் பாஸ். சொல்லாம விட்டுட்டேன்."

சானடோரியம் வருவதற்குள் பதில் வந்துவிட்டது.

"தெரியும்டி. உனக்கு அடுத்து நான்தானே உள்ள போனேன். போர்டுல அப்டியே இருந்துச்சு. நீயா சொல்லுவேன்னு டிரெயின்ல காத்துகினு இருந்தேன்."

விரலால் கீழே தள்ளிப் பார்த்தேன். அதற்குக் கீழே படம் எதுவும் இல்லை.