கண்ணாடி அசைந்தால் சுருதி போகும்

லேசர் பராமரிப்பு என்பது, இரண்டு கண்ணாடிகளை எதிரெதிரே நிறுத்திவிட்டு, பக்கத்தில் யாரும் தும்மாமல் பார்த்துக்கொள்ளும் உத்தியோகம். கருவிகளோடு மல்லுக்கட்டும் சக பாவிகளே, உங்களுக்குச் சொன்னால் புரியும். எண்பதுகளில் பழவேற்காட்டு லைட்ஹவுஸ் குப்பத்தில் எங்கள் கல்லூரி ஒரு கொட்டகையில் முகாம் போட்டு, கடற்காற்றில் ஒளி எப்படிப் போகிறது என்று ஆராய்ந்தது. நான் அங்கே டெக்னீஷியன்.

முகம் காட்டாத கண்ணாடி

கொட்டகையைப் பெருக்க வருபவர் நாகம்மா அக்கா. காலையில் ஏரியில் இறங்கிக் கையாலேயே இறால் பிடித்துவிட்டு, நேராக இங்கே வருவார். ஒருநாள், நான் கழற்றி வைத்திருந்த லேசர் கண்ணாடியில் பொட்டைச் சரிபார்த்து, இறால் விரலால் அதைத் துடைத்தும் வைத்துவிட்டார். தெரியாமல் மாட்டினேன், வெளிச்சமே வரவில்லை. பஞ்சும் ஸ்பிரிட்டுமாக அரைநாள் போனது. அக்கா எனக்காக வருத்தப்பட்டார்: "பாதி மூஞ்சிதான் தெரியுது. இத்த நம்பியா நீ சம்பளம் வாங்கற?"

ஒன்றரை வயிறு கிடையாது

பக்கத்தில் வாளை மீனைக் கருவாடாகக் காயவைக்கும் காசிம் பாய், "எதுக்கு ரெண்டு கண்ணாடி?" என்று கேட்டார். அவருடைய கம்பத்தில் ஒரு கயிற்றைக் கட்டி, மறுமுனையைப் பிடித்து ஆட்டிக் காட்டினேன். மெல்ல ஆட்டினால் ஒரே வயிறாகப் புடைத்தது. வேகமாக ஆட்டினால் இரண்டு, மூன்று. ஒன்றரை மட்டும் நிற்கவே இல்லை.

"ஒளியும் இப்படித்தான் பாய். ரெண்டு கண்ணாடிக்கு நடுவுல முழுசாப் பொருந்துற அலைதான் தங்கும். இடைவெளி துளி மாறினாலும் அதிர்வெண் மாறிடும்."

நான்காவது வயிற்றுக்கு ஆசைப்பட்டு ஓங்கி ஆட்டினேன். கம்பம் சாய்ந்தது; அதில் கட்டியிருந்த கருவாட்டுக் கொடியும் கூடவே வந்தது. பாய் மணலைப் பார்த்தார்: "ஒளி தங்கிச்சு தம்பி. என் வாளைதான் தங்கல."

ஊளையிட்ட பெட்டி

இரண்டு லேசர்களின் அதிர்வெண் வித்தியாசத்தைச் சத்தமாக்கித் தர ஒரு ஸ்பீக்கர் பெட்டி இருந்தது. ஒரே சுருதியில் பாடினால் கண்ணாடிகள் அசையவில்லை என்று அர்த்தம். மெட்ராஸிலிருந்து பேராசிரியர் வந்த அன்றைக்கென்று அது ஏறி இறங்கி ஊளையிட்டது. அவர், "சாயங்காலத்துக்குள் சரியாகாவிட்டால் முகாமை மூடிவிடுவேன்" என்றார். காற்றுதான் காரணமோ என்று கதவைச் சாத்தினேன். வெளியே படகு இழுத்தவர்களைக் கெஞ்சித் தள்ளிப் போகச் சொன்னேன், போனார்கள். ஊளை ஓயவில்லை. பேராசிரியர் பலகைத் தரையில் குறுக்கும் நெடுக்கும் நடந்தபடி என்னைத் திட்டிக்கொண்டே இருந்தார்.

நாகம்மா அக்கா துடைப்பத்தைச் சாய்த்துவிட்டு ஒரு ஸ்டூலை எடுத்துப் போட்டார். பேராசிரியர் உட்கார்ந்தார். பெட்டி ஒரே சுருதியில் பாடியது. முகாம் பிழைத்தது. அவர் ஆச்சரியமாகத் திரும்பிப் பார்க்க, அக்கா சொன்னார்: "நீ நடந்தா அது கத்துது சாரு. இத்தக் கண்டுபிடிக்க மெட்ராஸ்லேந்து வரணுமா?"

ஆக, நான் படித்தது லேசர் படிப்பு. பார்த்தது முழுக்க 'கொஞ்சம் உட்காருங்க சார்' உத்தியோகம்.