அண்ணியின் காத்திருப்பு நோட்டு

பச்சை அட்டை போட்ட நாற்பது பக்க நோட்டு அது. போன வாரம் புதிய லேப்டாப் வாங்குவதற்காக இணையத்தில் நாலைந்தை வரிசையாகத் திறந்துவைத்து, எது உசத்தி என்று மண்டையைக் குழப்பிக்கொண்டிருந்தபோது சட்டென்று நினைவு வந்து, பீரோவின் அடித்தட்டிலிருந்து அதைத் தேடி எடுத்தேன். முதல் பக்கத்தில் அண்ணியின் குண்டுக் கையெழுத்தில் தலைப்புகள்: திறக்க, சேமிக்க, ஜன்னல் மாற்ற, பிரிண்ட் எடுக்க, கண்ணுக்கு. ஒவ்வொன்றின் கீழும் பென்சில் கோடுகள், நாலு நெட்டுக்குத்தாகவும் ஐந்தாவது குறுக்காகவும். இருபது வருடம் கழித்தும் கோடுகள் அப்படியே இருக்கின்றன.

இரண்டாயிரம் பிறந்து மூன்று நான்கு வருடங்கள் ஆகியிருக்கும். வேலூரிலிருந்து வந்து ஒரு மென்பொருள் கம்பெனியில் சேர்ந்த நான், தொம்மலூரில் அண்ணன் வீட்டில் இருந்தேன். எனக்கு அப்போது தலைக்கனம் கொஞ்சம் அதிகம்தான். கம்ப்யூட்டர் என்று யார் வாயெடுத்தாலும் கேட்காமலே பதில் சொல்லுவேன். அண்ணனுக்கு லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனியில் வேலை. அலுவலகம் கழித்துக் கொடுத்த ஒரு கனத்த லேப்டாப்பைத் தோளில் மாட்டிக்கொண்டு ஊரெல்லாம் அலைவார். அண்ணி வீட்டிலிருந்தபடியே தமிழ் டி.டி.பி. செய்தார். அடுகோடியில் இருந்த ஓர் அச்சகத்துக்காகக் காதுகுத்து, கல்யாணம், கண்ணீர் அஞ்சலி என்று ஊர்க்காரர்களின் நல்லது கெட்டது எல்லாம் அவர் விரல் வழியாகத்தான் போயின. என்னைவிட எட்டு வயது மூத்தவர். கிண்டல் பண்ணும்போது மட்டும் எனக்கு மரியாதை கொடுப்பார்.

அவருடைய கம்ப்யூட்டர் ரொம்பப் பழசு. ஒரு பக்கம் திறப்பதற்குள் அண்ணி மடியில் முறத்தை வைத்துக்கொண்டு அவரைக்காய் உரிக்க ஆரம்பித்துவிடுவார். எங்கள் வீட்டில் அதன் வேகத்துக்கு அதுதான் அளவு. அழைப்பிதழ் என்றால் ஒரு கை அவரை, இரண்டு பக்க நோட்டீஸ் என்றால் அரைப்படி. சீசன் முழுக்க வீட்டில் அவரைக்கொட்டை உப்புமா, அவரைக்கொட்டைக் குழம்பு. "கம்ப்யூட்டர் வேகமா ஆயிட்டா நம்ம சோத்துக்கு என்னா பண்றது?" என்று அண்ணன் கேட்பார்.

அந்த வருடம் அண்ணிக்கு முதல் தடவையாக ஒரு புத்தகம் வந்தது. ரிச்சர்ட்ஸ் டவுனில் ஒரு தேவாலயத்தின் பாடகர் குழுவுக்கு நூற்று இருபது பக்கப் பாட்டுப் புத்தகம். ஈஸ்டருக்குள் கைக்கு வர வேண்டும். அதுவரை அவர் செய்ததெல்லாம் ஒற்றைத் தாள். அழைப்பிதழை யார் அடித்தார்கள் என்று யாரும் கேட்பதில்லை. புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் அண்ணியின் பெயர் போடுவதாகக் குழுத் தலைவர் சொல்லியிருந்தார். அதை எங்களிடம் சொன்னபோது அண்ணியின் முகம் சிவந்துபோனது. ஆனால் நாற்பதாவது பக்கத்திலேயே பழைய கம்ப்யூட்டர் மூச்சு வாங்கியது. அதையும் தன் கனத்த லேப்டாப்பையும் சேர்த்தே மாற்றிவிடலாம், அண்ணிக்கு ஒரு டெஸ்க்டாப், தனக்கு ஒரு லேப்டாப் என்று அண்ணன் முடிவு செய்தார். பட்டியல் போடும் பொறுப்பு, கேட்கவே வேண்டாம், என்னுடையது.

இரண்டு தாள் நிறைய எழுதினேன். இருப்பதிலேயே வேகமான பிராசசர், கம்ப்யூட்டர் விளையாட்டுப் பிள்ளைகள் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் கிராஃபிக்ஸ் கார்டு, அதிர அதிரப் பாடும் ஸ்பீக்கர். அண்ணனுக்கோ சந்தையிலேயே பெரிய திரை வைத்த லேப்டாப். அண்ணி முழுவதும் பொறுமையாகக் கேட்டார்.

"எல்லாம் சரி நாத்தனாரே. இதுல எது என்னைக் காக்க வெக்காது? அத மட்டும் சொல்லுங்க."

நான் மறுபடி பிராசசரிலிருந்து ஆரம்பித்தேன். மறுநாள் அந்தப் பச்சை நோட்டு வந்தது. கம்ப்யூட்டர் எதற்காகக் காக்க வைக்கிறதோ அந்தத் தலைப்பின் கீழ் ஒரு கோடு. அண்ணனுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, "நீங்களும் போடுங்க" என்று சொல்லிவிட்டார். ஒரு வாரம் கழித்து மூவரும் உட்கார்ந்து எண்ணினோம். பிராசசரால் தீரும் கோடுகள் விரல்விட்டு எண்ணும் அளவுதான். பாட்டு வரிகள் திரையில் ஒரு ஜன்னலிலும் பக்க அமைப்பு இன்னொன்றிலுமாக மாறி மாறிப் போகும் வேலை அவருடையது. அங்கேதான் கோடுகள் குவிந்திருந்தன. அதற்கு வேண்டியது இரண்டு மடங்கு ராம் நினைவகம். சேமிக்கும் கோடுகளுக்கு நல்ல ஹார்ட் டிஸ்க். காலும் ரகரமும் ஒன்றுபோலத் தெரிந்து கண்ணை இடுக்கிய கோடுகளுக்குப் பதினேழு அங்குல மானிட்டர். அண்ணனின் பக்கத்தில் இரண்டே தலைப்புகள், தோள்வலி, பேட்டரி. அவருக்கு வேண்டியது எடை குறைவான, நாள் முழுக்க உயிரோடு இருக்கும் ஒரு சின்ன லேப்டாப். என் இரண்டு தாளையும் அண்ணி மடித்து, ஆடிக்கொண்டிருந்த மேஜைக் காலுக்குக் கீழே வைத்தார். எனக்கு ரோஷம் வந்தது, சிரிப்பும் வந்தது.

சனிக்கிழமை காலை, பழைய கம்ப்யூட்டரைக் கொடுத்துப் புதிதின் விலையில் கழித்துக்கொள்ள, கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டுக்குப் போனேன். உதிரி பாகங்களைச் சேர்த்துப் பூட்டித் தரும் சின்னக் கடை. எல்லாம் பூட்டி முடித்துவிட்டுக் கடைக்காரர் கன்னடத்தில், வேண்டுமா என்று கேட்டார்: "ஃப்ளாப்பி டிரைவ் பேக்கா மேடம்?" நான் நோட்டைப் புரட்டினேன். ஃப்ளாப்பிக்கு ஒரு கோடுகூட இல்லை. "பேடா, பேடா, வேணாம். அதெல்லாம் இப்ப யாருங்க யூஸ் பண்றாங்க?" என்றேன், நாலு பேர் காதில் விழுகிற மாதிரி.

வீட்டில் புதுசுக்குப் பொட்டு வைத்துக் கற்பூரம் காட்டினார்கள். பிறகு அண்ணி அலமாரியிலிருந்து பிஸ்கட் டப்பாவை எடுத்து வந்தார். அது நிறைய ஃப்ளாப்பிகள். முடித்த நாற்பது பக்கமும் அவற்றில்தான் இருந்தன. திங்கட்கிழமை அச்சகத்துக்குக் கொடுக்க வேண்டியதும் ஃப்ளாப்பியில்தான். அவர்கள் வேறு எதையும் வாங்க மாட்டார்கள். அண்ணி ஒரு ஃப்ளாப்பியைக் கையில் வைத்துக்கொண்டு கம்ப்யூட்டரை முன்னால் பார்த்தார், பக்கவாட்டில் பார்த்தார், குனிந்து பின்னாலும் பார்த்தார்.

"இதுக்கு வாய் எங்கே நாத்தனாரே?"

நான் நோட்டை எடுத்து நீட்டினேன். "நோட்டுல அதுக்குக் கோடே இல்லியே அண்ணி" என்றேன், அழாத குறையாக.

"அது என்னிக்குமே என்னைக் காக்க வெச்சதில்லியே, எப்பிடிடி கோடு போடுவேன்?"

சொல்லிவிட்டு அவரே சிரித்துவிட்டார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். குங்குமம் வைத்த கம்ப்யூட்டரைக் குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோ பிடித்தேன். கடைக்காரர் குங்குமத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அப்பவே கேட்டேன் அல்வா மேடம், கேட்டேன் இல்லியா?" என்று சொல்லி, கால் மணி நேரத்தில் டிரைவைப் பூட்டிக் கொடுத்தார்.

பொழுது சாய்வதற்குள் வீடு திரும்பிவிட்டேன். ஃப்ளாப்பி கரகரவென்று உள்ளே போனது. அண்ணி பழக்கதோஷத்தில் முறத்தை மடியில் வைத்து முதல் காயைக் கிள்ளினார். அது பிளப்பதற்குள் பக்கம் திறந்துவிட்டது. கையில் காயோடு திரையைப் பார்த்தபடி அவர் உட்கார்ந்திருந்த கோலம் இன்னும் கண்ணுக்குள் இருக்கிறது. "போச்சு, இனிமே இத யாரு உரிக்கறது?" என்று முறத்தை என் மடிக்குத் தள்ளினார். மீதியை நானும் அண்ணனும் உரித்தோம். புத்தகம் ஈஸ்டருக்கு ஒரு வாரம் முன்பே வந்துவிட்டது. கடைசிப் பக்கத்தில் அண்ணியின் பெயர். அண்ணன் ஒரு பிரதியைத் தன் சின்ன லேப்டாப் பையில் வைத்துக்கொண்டு அந்தப் பக்கத்தை லிஃப்ட் லிஃப்டாகக் காட்டினார்.

நோட்டின் கடைசித் தாளில் அண்ணி பின்னால் சேர்த்த தலைப்பு ஒன்று உண்டு: காக்க வைக்காதவை. அதன் கீழே ஃப்ளாப்பி, கீபோர்டு, அடுகோடி பஸ் என்று மூன்று வரிகள். எனக்குக் கல்யாணமாகிப் புறப்பட்டபோது என் புத்தகங்களோடு இந்த நோட்டும் வந்துவிட்டது. போன வாரம் அந்தத் தாளை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வீட்டில் இருந்த ஆறு வருடமும் காலை ஏழு மணிக் கம்பெனி பஸ்ஸுக்கு அண்ணி கட்டித் தந்த என் டிபன் டப்பா ஒருநாள்கூடத் தாமதமானதில்லை. ஒருநாளும் நான் அதைப் பெரிதாக நினைத்ததும் இல்லை. பென்சிலைத் தேடி எடுத்து, நாலாவது வரியாக 'அண்ணி' என்று எழுதினேன்.

உடனே தொம்மலூருக்குப் போன் போட்டேன். முதல் மணி முழுதாக அடிப்பதற்குள் அண்ணி எடுத்துவிட்டார்.

"சொல்லுங்க நாத்தனாரே" என்றார்.