கீழ்வீட்டு யன்னலில் ஒரு கொப்பி

பச்சைத் தோல் அழுகிக் கறுத்த வால்நட் கொட்டையை வெறுங்கையால் உரித்தவர்களுக்குத் தெரியும், அந்தக் கறை எந்தச் சோப்புக்கும் அசையாது. விரல் நுனியில் முதலில் மஞ்சளாகப் பிடித்து, வீடு வந்து சேர்வதற்குள் கபிலமாகி, மறுநாள் வகுப்பில் கை உயர்த்தும்போது மை குடித்ததுபோலக் கறுத்து நிற்கும். கூடவே அயடின் போத்தலை ஈர இலைக்குவியலுக்குள் திறந்து வைத்ததுபோல ஒரு மணம். "கையைப் பொக்கற்றுக்குள்ள வை பிள்ளை, ஆரேன் பாத்தால் களவெடுத்தது எண்டு நினைப்பினம்" என்று அம்மா சொல்லுவார். பொதுவழியில் விழுந்து கிடந்த கொட்டைகளைத்தான் நாங்கள் பொறுக்கினோம். ஆனாலும் எனக்குப் பத்து வயதாக இருந்த அந்த இலையுதிர்காலம் முழுவதும் என் கைகள் பொக்கற்றுக்குள்தான் இருந்தன.

அப்போது நாங்கள் பீல் நகரத்தில், நான்கு மாடிக் கட்டடம் ஒன்றின் மூன்றாம் மாடியில் இருந்தோம். அப்பாவுக்கு மணிக்கூட்டுத் தொழிற்சாலையில் வேலை; கடுகளவு பற்சக்கரங்களை உருப்பெருக்கிக் கண்ணாடிக்குக் கீழே வைத்துப் பிழை பார்ப்பார். பகலெல்லாம் பிழை தேடிய களைப்பிலோ என்னவோ, வெளியே அவர் யாரிலும் பிழை தேடமாட்டார். அந்த வேலையை அம்மா பார்த்துக்கொண்டார். ஞாயிறுகளில் நாங்கள் ஏரிக்கரைக்கு மேலேயுள்ள கிராமங்களுக்குச் சைக்கிளில் போவோம். அங்கே வழியோரத்தில் ஒரு மேசை, அதில் பூசணிக்காய்கள், பக்கத்தில் காசு போட ஒரு தகரப்பேணி. விற்கிற ஆள் மட்டும் இருக்காது. "ஆள் இல்லாமல் ஆரேன் கடை வைப்பினமோ? எங்கையோ கமரா இருக்கு" என்று சொல்லி, அம்மா நாணயத்தை விரலால் உயர்த்தி நான்கு திசைக்கும் காட்டிவிட்டுத்தான் பேணிக்குள் போடுவார்.

அந்த வருடம் எங்களுடைய வீட்டில் மறைக்க ஓர் ஆள் இருந்தார். அப்பாவின் கடைசித் தம்பி, என் சித்தப்பா, வசந்தகாலத்தில் ஊரிலிருந்து வந்து அகதி விண்ணப்பம் போட்டிருந்தார். அவரைச் சோலோதுர்ன் மாநிலத்துக்கு ஒதுக்கியிருந்தார்கள். அங்கே "காம்ப்" என்று நாங்கள் சொன்ன முகாமில், எட்டுப் பேர் படுக்கிற அறையில் அவருக்கு ஒரு கட்டில் இருந்தது. எங்களைப் பார்க்க வரலாம். எங்களோடு தங்கி வாழக்கூடாது. ரயிலில் அரைமணி நேரமும் ஆகாது என்பதால் சித்தப்பா வெள்ளிக்கிழமை வந்து, முகாமில் கையெழுத்து வைக்கிற நாளுக்குத்தான் திரும்பிப் போவார். பிறகு போன அன்றே திரும்பி வரத் தொடங்கினார். "பிடிபட்டால் கேஸ் அடிபட்டுப் போகும்" என்று பெரியவர்கள் குசுகுசுத்ததை நான் கேட்டிருக்கிறேன். அதனால் அவருடைய சப்பாத்து மட்டும் கதவுக்கு வெளியே இருக்காது. யாராவது கேட்டால் "இண்டைக்குத்தான் வந்தவர்" என்று சொல்ல எனக்குப் பழக்கியிருந்தார்கள்.

ஆனால் சித்தப்பா இருந்தால்தான் வீடு வீடாக இருந்தது. வால்நட்டைக் கதவுப் பிணைச்சலுக்குள் வைத்து, கதவை மெல்லச் சாத்தி, பருப்பு நொறுங்காமல் உடைக்க அவருக்குத்தான் தெரியும். கஷ்கொட்டைகளைக் கத்தியால் கீறி அம்மாவின் தோசைக்கல்லில் வறுப்பார். அவை வெடித்துப் பறக்கும்போது அம்மா ஏசிக்கொண்டே சிரிப்பார். பின்னேரங்களில் ஹீட்டருக்குப் பக்கத்தில் கம்பளத்தில் சீட்டுக்கட்டோடு இருந்து நாலு பேரும் "முந்நூற்றிநாலு" விளையாடுவோம். சித்தப்பாவும் நானும் ஒரு பக்கம். அம்மா ஒவ்வொரு ஆட்டத்துக்கும் நாங்கள் கண்ணால் கதைக்கிறோம் என்று சந்தேகப்படுவார். அது உண்மைதான்.

கீழ்மாடியில், வாசற்கதவுக்குப் பக்கத்து யன்னலில், ஹெர் கெர்பர் இருந்தார்; ஹெர் என்றால் திரு. ஓய்வுபெற்றவர், தனியாள். கட்டடத்தின் முற்றம் கூட்டுவதும் படிக்கட்டு விளக்கு மாற்றுவதும் அவர் பொறுப்பு. மற்ற நேரத்தில் யன்னலோரம் இருந்து ஒரு பச்சைக் கொப்பியில் ஏதோ எழுதுவார். நாங்கள் உள்ளே வந்தாலும் வெளியே போனாலும் தலை நிமிரும், பிறகு பென்சில் குனியும். வீட்டில் அவருக்குப் பெயர் "கொப்பிக்காரர்". பள்ளியால் வந்ததும் அம்மா கேட்கிற முதல் கேள்வி, "இண்டைக்கும் எழுதினவரோ?" "ஓம் அம்மா." சாப்பாடு அதற்குப் பிறகுதான்.

ஒக்டோபர் ஞாயிறு ஒன்றில் வால்நட் பொறுக்கிவிட்டு நாலு பேரும் திரும்பி வந்தோம். ஹெர் கெர்பர் முற்றத்தில் இலை கூட்டிக்கொண்டிருந்தார். விளக்குமாறை நிறுத்திவிட்டு, சித்தப்பாவைக் கண்ணால் காட்டி, வழக்கம்போல என்னிடம் ஜெர்மனில் கேட்டார்:

"இவர் யார்?"

"என்னுடைய சித்தப்பா. இன்றைக்குத்தான் வந்தவர்."

"இன்றைக்குமா?"

அவ்வளவுதான் கேட்டார். ஆனால் அந்த "இன்றைக்கும்" எனக்கு விளங்கிவிட்டது. போன கிழமையும் அதற்கு முந்தின கிழமையும் நான் சொன்ன அதே பொய்யை அவர் எண்ணி வைத்திருந்தார். மேலே போய் அதைச் சொன்னதும் அப்பாவின் முகம் மாறியது. சித்தப்பா தன் உடுப்புகளைப் பையில் அடுக்கினார். "நிலைமை சரியாகட்டும் அண்ணை, பிறகு வாறன்" என்று சொல்லிவிட்டு அன்று பின்னேரமே ரயிலேறிப் போனார்.

அதன்பிறகு பீலை மூடுபனி மூடியது. அங்கே நவம்பர் என்றால் தெருவுக்கு அடுத்த பக்கம் தெரியாது. காலையும் பின்னேரமும் ஒரே சாம்பல் நிறம். நாலு கை வேண்டிய ஆட்டத்துக்கு மூன்று பேர் இருந்தோம். ஹீட்டருக்கு மேல் காயப்போட்ட வால்நட்டுகளை யாரும் உடைக்கவில்லை. சித்தப்பா தொலைபேசி எடுத்தாலும், "இந்த லைனையும் ஒட்டுக் கேப்பினம்" என்று அம்மா இரண்டு நிமிடத்தில் வைத்துவிடுவார். எனக்கு ஹெர் கெர்பரில் ஆத்திரம் ஏறிக்கொண்டே போனது. ஒருநாள் பள்ளியால் வரும்போது அவர் முற்றத்தின் பின்பக்கம் இலை அள்ளிக்கொண்டிருந்தார். அவருடைய யன்னல் திறந்திருந்தது. கொப்பி விளிம்பில் கிடந்தது. எட்டி எடுத்துப் புத்தகப் பைக்குள் வைத்துக்கொண்டு, நிலவறைக்கு ஓடி, சைக்கிள்களுக்கு நடுவில் இருந்து வாசித்தேன்.

பக்கத்துக்குப் பக்கம் திகதி. "நேபல்" என்று மூடுபனி. இலை எத்தனை சாக்கு. எந்த மாடியின் விளக்கு எரியவில்லை. இவற்றுக்கு நடுவில், சின்ன எழுத்தில், "மூன்றாம் மாடி: காஸ்ட்". காஸ்ட் என்றால் விருந்தாளி. பக்கத்தில் எத்தனை இரவு என்று எண் போட்டிருந்தது. ஓகஸ்ட் மாதத்திலிருந்து சித்தப்பா தங்கிய ஓர் இரவும் தவறவில்லை. அம்மா சந்தேகப்பட்டது அவ்வளவும் சரி.

அம்மா கொப்பியைக் கண்டதும், "கிழிச்சுப் போட்டு எரியுங்கோ" என்றார். அப்பா வெகுநேரம் அதைப் புரட்டிக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "எரிச்சால் இதில இருக்கிறதெல்லாம் உண்மை எண்டு நாங்களே கையெழுத்து வைச்ச மாதிரி. அதோட, எடுத்தது களவு. எழும்பு பிள்ளை."

என் கையைப் பிடித்து இறக்கிக்கொண்டு போய், ஹெர் கெர்பரின் கதவு மணியை அடித்தார். அப்பாவுக்குத் தொழிற்சாலை ஜெர்மன்தான் வரும். பெரிய விஷயம் கதைக்க என் வாய் வேண்டும். கதவு திறந்ததும் கொப்பியை இரண்டு கையாலும் நீட்டியபடி தமிழில் சொன்னார்: "இவருக்குச் சொல்லு. என்ர மகள் உங்கட கொப்பியைக் கேளாமல் எடுத்துப்போட்டாள். அது பிழை. அதுக்கு நான் மன்னிப்புக் கேக்கிறன். எங்களைப் பற்றி எழுதினதையும் வாசிச்சனாங்கள், அதையும் ஒளிக்கேல்லை."

நான் ஜெர்மனில் சொன்னேன்: "இது முற்றத்தில் கிடந்தது."

ஹெர் கெர்பர் என்னைப் பார்த்தார். அப்பாவும் என்னைப் பார்த்தார்.

"நான் இவ்வளவு நேரம் கதைச்சதுக்கு நீ ரெண்டு சொல்லோ சொன்னனீ?"

ஒரு மொழியில் இருந்த பொய் இரண்டு மொழியிலும் பிடிபட்டுவிட்டது. நான் அழுதேன், அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன், யன்னலில் எடுத்ததை, நிலவறையில் வாசித்ததை, "இண்டைக்குத்தான் வந்தவர்" என்று ஒவ்வொரு கிழமையும் சொன்னதை. ஹெர் கெர்பர் குறுக்கிடாமல் கேட்டார். பிறகு, நான் மொழிபெயர்ப்பதற்காக வசனத்துக்கு வசனம் நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

"கட்டடத்தை நிர்வகிக்கிறவர்கள் கோடையில் என்னிடம் கேட்டார்கள். மூன்றாம் மாடியில் கட்டில்களை வாடகைக்கு விடுகிறார்களா என்று பார்த்து எழுதச் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்."

இந்தமுறை ஒரு சொல்லும் விடாமல் தமிழில் சொன்னேன். அப்பா எனக்காகக் காத்திருக்கவில்லை. தன் வாயாலேயே, "மைன் ப்ரூடர்" என்றார். என் தம்பி. இன்னும் ஏதோ சொல்லத் தேடினார், வரவில்லை. மறுபடியும் அதையே சொன்னார்.

ஹெர் கெர்பர் கொப்பியை வாங்கிக்கொண்டார். "அப்படியா" என்றார். கதவைச் சாத்தினார்.

"சாத்தினவரோ, அடிச்சுச் சாத்தினவரோ?" என்று அம்மா அடுத்த ஒரு கிழமை முழுக்கக் கேட்டுக்கொண்டே இருந்தார்.

பத்து நாள் கழித்து ஹெர் கெர்பர் என்னைப் படிக்கட்டில் மறித்தார். ஞாயிற்றுக்கிழமை மேலே மலையில், மக்லிங்கனில், வெயில் இருக்கும் என்றும், தான் போவதாகவும், நாங்களும் வரலாம் என்றும் சொன்னார். "உன் அப்பாவின் தம்பியையும் கூட்டி வாருங்கள்."

வீட்டில் இடி விழுந்தது. "தம்பியையும் எண்டு ஏன் குறிச்சுச் சொன்னவர்? மேல பொலிஸ் நிக்குமோ?" என்றார் அம்மா. "பொலிஸ் வாறதெண்டால் படியேறி இஞ்ச வரும். எங்களை மலையேத்தாது" என்றார் அப்பா. கடைசியில், போகாவிட்டால் பயந்துவிட்டோம் என்று நினைப்பார் என்பதற்காகத்தான் அம்மா சம்மதித்தார். சித்தப்பா அன்று காலை சோலோதுர்னிலிருந்து வந்தார். அன்றைய திகதியிட்ட போய்வரும் ரயில் டிக்கெட்டைக் கையிலேயே பிடித்திருந்தார், யார் கேட்டாலும் காட்டுவதற்கு.

மலைரயில் காட்டுக்குள் ஏறியது. யன்னலுக்கு வெளியே வெறும் வெள்ளை. திடீரென்று கண் கூசியது. நாங்கள் மூடுபனிக்கு மேலே வந்துவிட்டோம். கீழே பீல் இல்லை, ஏரி இல்லை. ஒரு வெள்ளைக் கடல் அசையாமல் கிடந்தது, அதற்கு அப்பால் மலைகள் வரிசையாக நின்றன, மேலே முழு நீலம். சித்தப்பா ஜக்கெற்றைக் கழற்றினார். கம்பளிச் சட்டையையும் கழற்றினார். "இவ்வளவு நாளும் சூரியன் இஞ்சதான் இருந்திருக்கு அண்ணி!" என்று கத்தினார். எங்கள் நகரத்துக்குச் சற்று மேலே வெயில் இருந்தது என்பதை அத்தனை வருடமும் எங்களுக்கு ஒருவரும் சொன்னதில்லை.

ஹெர் கெர்பர் சுள்ளி அடுக்கி நெருப்பு மூட்டி, தடித்த சொசேஜ்களைக் குச்சியில் குத்தித் தந்தார். "என்ன இறைச்சி எண்டு கேள்" என்றார் அம்மா. ஹெர் கெர்பர் கண்ணாடி போட்டுப் பொதியின் பின்பக்கத்தை எழுத்து விடாமல் வாசித்தார். மாட்டிறைச்சியும் இருந்தது. அம்மா தன் குச்சியை அப்படியே திருப்பிக் கொடுத்துவிட்டு, கொண்டுவந்த ரொட்டியை நெருப்பில் சூடாக்கினார். ரொட்டிக்கு வைத்திருந்த காரச் சம்பலை ஹெர் கெர்பரும் கேட்டு வாங்கினார். கண்ணில் தண்ணீர் வர, மூக்கைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் வாங்கினார். அப்பா சிரித்தார். அந்த நேரம் பார்த்து ஹெர் கெர்பர் பைக்குள் கைவிட்டுப் பச்சைக் கொப்பியை எடுத்து எழுதத் தொடங்கினார்.

நாலு பேரின் வாயும் நின்றது. அவர் அதைக் கவனித்திருக்க வேண்டும். கொப்பியைத் திருப்பி என் பக்கம் நீட்டினார். பனி எந்த உயரத்தில் முடிகிறது, மேலே எத்தனை பாகை வெப்பம், எந்த மலைகள் தெரிகின்றன. அவ்வளவுதான். வாசித்துச் சொன்னேன். எல்லோரும் மூச்சு விட்டார்கள்.

இறங்கி வரும்போது அம்மா என் காதுக்குள் கேட்டார்: "அதுக்கு முந்தின பக்கத்தைப் பாத்தனியோ?"

நான் பார்க்கவில்லை.

நிர்வாகத்திடமிருந்து கடிதம் ஒன்றும் வரவில்லை. சித்தப்பா மறுபடியும் வெள்ளிக்கிழமைகளில் வந்தார், ஞாயிறுகளில் ஒழுங்காகப் போனார். சப்பாத்தும் கதவுக்கு வெளியே இருந்தது. சீட்டு விளையாடினோம். ஜனவரியில் அவருடைய விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. வசந்தம் வருவதற்குள் அவர் பாரிஸுக்குப் போய்விட்டார். அங்கே அவருக்கு வாழ்க்கை அமைந்தது, கல்யாணம், பிள்ளைகள், ஒரு சின்னக் கடை. ஆனால் எங்கள் கம்பளத்துக்கு அவர் திரும்பி வரவில்லை.

"கொப்பிதான்" என்றார் அம்மா. "மலையில சிரிச்சுச் சாப்பிட்டுப்போட்டு, கீழ வந்து காட்டிக் குடுத்திட்டார்." அப்பா மறுத்தார். நான் அம்மாவை நம்பினேன். படிக்கட்டில் ஹெர் கெர்பருக்கு வணக்கம் சொல்வதை நிறுத்தினேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை. நான் கடந்து போகும்வரை விளக்குமாறை நிறுத்தி வைத்திருப்பார். அடுத்த வருடம் அம்மாவுக்கு மருத்துவமனையில் வேலை கிடைத்து நாங்கள் ஓஸ்டர்முண்டிகன் என்ற ஊருக்கு மாறினோம். சாமான் ஏற்றிய அன்று அவர் முற்றத்தில்தான் நின்றார். போய்வருகிறோம் என்று அப்பா மட்டும் போய்ச் சொன்னார்.

இப்போது அந்தக் கட்டடம் இல்லை. அந்த இடத்தில் கண்ணாடி வாசலும் எண் அழுத்தித் திறக்கிற கதவுமாக வேறொன்று நிற்கிறது. அழைப்புமணிப் பெயர்களில் கெர்பர் என்று யாரும் இல்லை. சீட்டாட யாரும் கம்பளத்தில் இருப்பதில்லை. அம்மாவுக்கு முழங்கால் மடங்காது. சென்ற இலையுதிர்காலத்தில் பெற்றோரின் பழைய கடதாசிகளை ஒழுங்குபடுத்தும்போது சித்தப்பாவின் நிராகரிப்புக் கடிதத்தின் பிரதி கிடைத்தது. சமையலறை மேசையில் இருந்து முதலிலிருந்து கடைசிவரை வாசித்தேன். ஊரில் நடந்தவை பற்றி அவர் சொன்ன விவரங்கள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை என்று பக்கம் பக்கமாக எழுதியிருந்தார்கள்; அவரை அவர்கள் நம்பவில்லை. பீல் என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை. விருந்தாளி இல்லை, இரவுக் கணக்கு இல்லை.

அம்மாவிடம் சொன்னேன். அவர் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"அவையள் எழுதி வைச்சதெல்லாத்தையும் கடிதத்தில போடுவினமோ?"

அந்த முந்தின பக்கத்தை நானும் பார்க்கவில்லையே. அம்மா இன்னும் இரண்டு வெங்காயம் உரித்தார். பிறகு கத்தியை வைத்துவிட்டு, இத்தனை வருடத்தில் முதல் தடவையாக, "கொப்பிக்காரர்" என்று சொல்லாமல் கேட்டார்:

"ஹெர் கெர்பர் இப்ப இருக்கிறாரோ, பிள்ளை?"

தெரியாது என்றேன். அதை மட்டும் அம்மா மறுபேச்சில்லாமல் நம்பினார்.